ஆய்வு ஆர்வம், கற்பித்தல் ஆர்வம்: இரண்டு கட்டங்களில் யார் எதை எழுதுகிறார்கள்?

(தாம்பரத்தில் முதுகலை சமூகவியல் மாணவர்களும் முனைவர் பட்ட ஆய்வாளர்களும் கூடிய மாலை நேரக் கூட்டமொன்றில் பேசியதன் எழுத்து வடிவம். பேச்சு நடை பெரும்பாலும் அப்படியே விடப்பட்டுள்ளது.)

 

என்னை அழைத்த தோழர்கள், "எம்.ஏ. இரண்டாம் ஆண்டு மாணவர்கள் வருவார்கள், ஆய்வுக்கு என்ன தலைப்பு எடுக்கலாம் என்று பேசுங்கள்" என்றார்கள். தலைப்புப் பட்டியல் வாசிக்க நான் வரவில்லை. அதை உங்கள் வழிகாட்டிகளே தருவார்கள், வேண்டாமென்றாலும் தருவார்கள். நான் பேச வந்தது ஒரு படிவத்தைப் பற்றி. ஆய்வு மாணவராகச் சேர்ந்ததும் துறையில் ஒரு விவரப் படிவம் தருவார்கள். பெயர், புகைப்படம், வழிகாட்டியின் பெயர் எல்லாம் கேட்டுவிட்டுக் கடைசியில் இரண்டு கட்டம் இருக்கும். ஒன்று ஆய்வு ஆர்வம், மற்றொன்று கற்பித்தல் ஆர்வம். அந்த இரண்டு கட்டங்களையும் துறைவாரியாக வரிசையாகப் படித்துப் பாருங்கள். கோட்பாடு, நவீனத்துவம், அறிவியலின் சமூகவியல், உலகமயமாக்கல் என்று ஒரு வகை. சாதி, தலித் பெண்கள், துப்புரவுப் பணியாளர்கள், விளிம்புநிலை மக்கள் என்று இன்னொரு வகை. பெயரை மறைத்துவிட்டு ஆர்வத்தை மட்டும் காட்டினாலே எழுதியவர் எந்தத் தெருவிலிருந்து வந்தவர் என்று முக்கால்வாசி சொல்லிவிடலாம். ஆர்வம் என்பது மனதில் தானாக முளைப்பது என்றால் இது எப்படி நடக்கிறது?

இதைப் பேச 1916க்குப் போக வேண்டும். அந்த ஆண்டு மே 9ஆம் தேதி, நியூயார்க்கின் கொலம்பியா பல்கலைக்கழகத்தில், அலெக்சாண்டர் கோல்டன்வைசர் நடத்திய மானுடவியல் கருத்தரங்கில் 25 வயது மாணவர் ஒருவர் ஒரு கட்டுரை வாசித்தார். இந்தியாவில் சாதிகள், அவற்றின் அமைப்பியக்கம், தோற்றம், வளர்ச்சி என்பது பொருள். வாசித்தவர் அண்ணல் அம்பேத்கர். நாம் அண்ணலை எப்போதும் கோட்டு, கண்ணாடி, கையில் அரசமைப்புச் சட்டத்தோடுதான் பார்க்கிறோம். அன்று அவர் உங்களைப் போல ஒரு மாணவர். அது ஒரு செமினார் பேப்பர். அதுவும் அவருடைய முதன்மைப் பாடம் பொருளாதாரம். போய் உட்கார்ந்தது மானுடவியல் வகுப்பில்.

அந்தக் கட்டுரையில் அவர் தன் துயரக் கதையைச் சொல்லவில்லை, கவனியுங்கள். பள்ளியில் கோணிப்பையில் உட்கார வைக்கப்பட்டதெல்லாம் அதில் கிடையாது. செனார்ட், நெஸ்ஃபீல்டு, ரிஸ்லி, கேட்கர் என்று அன்றைக்குச் சாதியைப் பற்றி எழுதிய பெரிய ஆட்களின் வரையறைகளை ஒவ்வொன்றாக எடுத்து, எது எங்கே ஓட்டை என்று காட்டுகிறார். தீட்டு சாதியின் சாரம் அல்ல என்கிறார். அகமணம்தான் சாரம் என்கிறார். அகமணத்தைக் காப்பாற்ற வேண்டுமானால் ஒரு குழுவுக்குள் ஆண், பெண் எண்ணிக்கை சமமாக இருக்க வேண்டும். கணவன் இறந்தாலோ மனைவி இறந்தாலோ ஒருவர் உபரியாகிவிடுகிறார். அந்த உபரியைச் சமாளிக்கத்தான் உடன்கட்டை, கட்டாய விதவைநிலை, குழந்தை மணம் என்று போகிறது வாதம். பெண் மீதான கட்டுப்பாடு சாதியின் பக்க விளைவு அல்ல, அதுதான் இயந்திரமே என்று 1916லேயே சொல்கிறார். அப்புறம், ஒரு குழு கதவைச் சாத்தினால் மற்றவை ஏன் சாத்துகின்றன என்பதற்கு கேப்ரியல் டார்டின் போலச்செய்தல் கோட்பாட்டை எடுத்துப் பயன்படுத்துகிறார். எம்.என்.சீனிவாஸ் கூர்க் மக்களைப் பற்றிய தன் நூலில் சமஸ்கிருதமயமாக்கல் என்று எழுதியது 1952ல். அந்த 1916 நவம்பரில்தான் சீனிவாஸ் பிறக்கவே செய்தார்.

இப்போது உங்கள் பாடத்திட்டத்தை எடுங்கள். சீனிவாஸ் எந்தத் தாளில் வருகிறார்? பெரும்பாலும் 'இந்தியச் சமூகவியல் சிந்தனையாளர்கள்' என்ற கட்டாயத் தாளில். அண்ணல் எங்கே வருகிறார்? பல இடங்களில் கடைசி அலகில், 'அடித்தள மக்கள் பார்வை' என்ற தலைப்பில். செமஸ்டர் முடிய பத்து நாள் இருக்கும்போது நடத்தும் அலகு அது. சில பல்கலைக்கழகங்கள் இதை மாற்றியிருக்கின்றன, மறுக்கவில்லை. ஆனால் கோட்பாட்டு வகுப்பில் துர்க்கைமோடும் வெபரோடும் உட்காரவைத்து அவரைப் படிக்கும் வகுப்பு எத்தனை?

அதே 1916ல் நம்மூரில் என்ன நடந்தது என்பதையும் சொல்ல வேண்டும். மதராஸ் பல்கலைக்கழகத்தில் பொருளாதாரப் பேராசிரியராக வந்திருந்த கில்பர்ட் ஸ்லேட்டர், தன் மாணவர்களின் கையில் கேள்விப்பட்டியலைக் கொடுத்து, கிராமங்களுக்குப் போய் விவரம் சேகரித்து எழுதச் சொன்னார். அவை 1918ல் 'சில தென்னிந்திய கிராமங்கள்' என்ற நூலாக வந்தன. இந்தியாவில் கிராம ஆய்வு என்பதற்கே அது ஒரு தொடக்கம். அந்த ஊர்களைப் பின்னால் வந்தவர்கள் பலமுறை மறு ஆய்வு செய்திருக்கிறார்கள். நல்ல வேலைதான். ஆனால் 1916ல் மதராஸில் பொருளாதாரம் படித்த மாணவர் ஊருக்குப் போனால் எந்தத் தெருவில் போய் இறங்கியிருப்பார் என்று நான் உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. நில அளவு, கடன், பயிர், கூலி எல்லாம் அந்தத் திண்ணையில் உட்கார்ந்து பார்த்தபடி பதிவாயின. சேரியிலிருந்து வந்த ஒரு மாணவர் அதே ஆண்டு, அதே சமூகத்தைப் பற்றி, கடல் தாண்டிப் போய் கோட்பாடு எழுதினார்.

திண்ணை என்று சும்மா சொல்லவில்லை. ஆந்த்ரே பெத்தேயின் புகழ்பெற்ற நூல், சாதி, வர்க்கம், அதிகாரம் பற்றியது, 1965ல் வந்தது. தஞ்சையில் அவர் 'ஸ்ரீபுரம்' என்று பெயரிட்ட ஊர். அதுவும் ஒரு முனைவர் பட்ட ஆய்வுதான். அவர் தங்கியது அக்கிரகாரத்தில், பார்ப்பனர் வீட்டில். அதனால் ஊரார் தன்னைப் பார்ப்பனரோடு சேர்த்தே பார்த்தார்கள் என்றும், ஆதிதிராவிடர் தெருவுக்குத் தன்னால் இயல்பாகப் போய்வர முடியவில்லை என்றும் அவரே எழுதியிருக்கிறார். அந்த நேர்மைக்கு மதிப்புக் கொடுக்கிறேன். ஆனால் அரை நூற்றாண்டுக்கு மேலாக அந்த நூலை 'தமிழ்க் கிராமம்' என்று எல்லோருக்கும் நடத்துகிறார்களே, 'அக்கிரகாரத்திலிருந்து தெரிந்த தமிழ்க் கிராமம்' என்று ஒருவரும் சொல்லி நடத்துவதில்லை. நாம் பெரும்பாக்கத்தில் தங்கி ஆய்வு செய்தால் மட்டும் 'ஒருசார்பு இருக்குமே, எப்படிச் சமாளிப்பீர்கள்' என்று வைவாவில் கேட்பார்கள்.

இந்தக் கேள்வியை அப்போதே எழுப்பிய ஒருவரை உங்களுக்குத் தெரிந்திருக்க வேண்டும். சி.பார்வதம்மா. கர்நாடகத்தைச் சேர்ந்த தலித் பெண் சமூகவியலாளர், மைசூர் பல்கலைக்கழகப் பேராசிரியர், மான்செஸ்டரில் ஆய்வு செய்தவர். சீனிவாஸின் 'நினைவில் நிற்கும் கிராமம்' 1976ல் வந்து உலகமே கொண்டாடியபோது, 1978ல் அதற்கு ஒரு விமர்சனம் எழுதினார். தலைப்பிலேயே அதை ஒரு பார்ப்பனப் பயணம் என்று போட்டார். சீனிவாஸ் யார் வீட்டில் இருந்தார், யாரோடு பழகினார், யாரை அவர் கண் பார்க்கவே இல்லை என்று கேட்டார். சீனிவாஸின் ஆய்வுக் குறிப்புகள் ஸ்டான்ஃபோர்டில் தீப்பிடித்து எரிந்த கதை எல்லா மாணவருக்கும் தெரியும். பார்வதம்மாவின் விமர்சனம் எத்தனை பேருக்குத் தெரியும்? கை தூக்கச் சொல்லவில்லை, விடுங்கள்.

இனி நம் மண்ணுக்கு வருவோம். தாம்பரத்தில் ரயில் ஏறினால் பெருங்களத்தூர், வண்டலூர், ஊரப்பாக்கம், கூடுவாஞ்சேரி என்று போய் செங்கல்பட்டில் இறங்குகிறோம். இந்த வழித்தடம் உலகச் சமூகவியலில் சாதி பற்றிய மிகப் பெரிய சண்டை ஒன்று நடந்த நிலம். நம்மில் பாதிப்பேர் தினம் அதில் தூங்கிக்கொண்டே போகிறோம்.

ஜோன் மென்சர் என்ற அமெரிக்க மானுடவியலாளர் செங்கல்பட்டு மாவட்டக் கிராமங்களில் 1960களிலிருந்து வேலை செய்தார். 1974ல் 'கரண்ட் ஆந்த்ரபாலஜி' இதழில் ஒரு கட்டுரை எழுதினார். சாதி அமைப்பைத் தலைகீழாகப் பார்ப்பது என்று தலைப்பின் கருத்து. மேலிருந்து பார்க்கும்போது தர்மம், தூய்மை, ஒத்திசைவு என்று தெரிவது, கீழிருந்து பார்த்தால் திறமையான ஒரு சுரண்டல் ஏற்பாடு. அதன் இன்னொரு வேலை, அடியில் இருப்பவர்கள் பொது நலன் கொண்ட வர்க்கமாகச் சேர்ந்துவிடாமல் பார்த்துக்கொள்வது. அவர் பேசியது உழைக்கும் பறையர் மக்களோடு. லூயி துய்மோனின் தூய்மை-தீட்டுக் கோட்பாடு கொடிகட்டிப் பறந்த காலம் அது.

ஐந்து ஆண்டு கழித்து, 1979ல், மைக்கேல் மொஃபாட் நூல் வந்தது. அவருடைய ஊர் எண்டாவூர். அதுவும் இதே மாவட்டம்! அவர் கண்டது நேர் எதிர். தீண்டப்படாத மக்களும் அதே அமைப்பைத் தங்களுக்குள் பிரதியெடுத்து வைத்திருக்கிறார்கள், ஆகவே மேலும் கீழும் கருத்தொற்றுமை இருக்கிறது என்றார். ஒரே மாவட்டம், ஏறக்குறைய ஒரே காலம். ஒருவருக்குச் சுரண்டல் தெரிகிறது, இன்னொருவருக்குச் சம்மதம் தெரிகிறது. இதில் யார் சரி என்று நான் ஒரு வரியில் தீர்ப்புச் சொல்லிவிட்டுப் போகலாம். மென்சர் பக்கம்தான் நான். ஆனால் மொஃபாட்டைத் தூக்கி எறியச் சொல்ல மாட்டேன். சேரிக்குள்ளும் படிநிலை உண்டு என்று அவர் எழுதியது நமக்குக் கசக்கும், ஆனால் உண்மை. அந்தப் படிநிலையைச் சம்மதம் என்று வாசித்ததில்தான் கோளாறு. பிரதியெடுப்பவன் எல்லாம் ஒப்புக்கொண்டவன் அல்ல. அண்ணலின் 1916 கட்டுரையை மொஃபாட்டின் பக்கத்தில் வைத்துப் படித்தால் இது தெளிவாகும். கதவு சாத்தப்பட்டதால் உள்ளே மாட்டிக்கொண்டவர்களும் உண்டு என்று அதில் இருக்கிறது.

சம்மதம் என்றால் இதற்கு என்ன பதில்? 1891ல் செங்கல்பட்டு கலெக்டர் திரமென்ஹீர் பறையர் மக்களின் நிலை பற்றி அறிக்கை தருகிறார். 1892ல் பஞ்சமி நிலத்துக்கான அரசாணை வருகிறது. நூறு ஆண்டு கழித்து அந்த நிலத்தைத் திருப்பிக் கேட்டு இதே செங்கல்பட்டில் மக்கள் திரண்டார்கள். 1994 அக்டோபர் 10 அன்று துப்பாக்கிச் சூடு நடந்தது. ஜான் தாமசும் ஏழுமலையும் உயிர்விட்டார்கள். காரணை நிலப் போராட்டத்தை ஒரு சமூக இயக்கமாக வைத்து உங்களுக்கு யாராவது வகுப்பெடுத்திருக்கிறார்களா? சமூக இயக்கங்கள் தாளில் சிப்கோ இருக்கும். சிப்கோ இருக்கட்டும், நல்ல இயக்கம்தான். காரணை இங்கிருந்து பேருந்தில் போய்வரும் தூரம்.

கோபால் குரு 2002ல் இதை ஒரு பெயரிட்டே சொன்னார். இந்தியச் சமூக அறிவியலில் கோட்பாட்டுப் பார்ப்பனர்கள் என்று ஒரு கூட்டம், அனுபவத் தரவு சேகரிக்கும் சூத்திரர்கள் என்று இன்னொரு கூட்டம். கிண்டலாகச் சொன்னது போல இருக்கும். ஆனால் உங்கள் துறையில் எந்த ஆய்வு மாணவர் கோட்பாட்டு அத்தியாயத்துக்கு மாதக்கணக்கில் நூலகத்தில் உட்காருகிறார், எவர் வழிகாட்டியின் திட்டத்துக்குக் கேள்விப்படிவம் நிரப்ப வெயிலில் அலைகிறார் என்று பாருங்கள்.

கற்பித்தல் ஆர்வம் என்ற இரண்டாவது கட்டத்துக்கு வருகிறேன். இதற்கு என் அனுபவத்தையே சொல்கிறேன். ஒரு கல்லூரியில், பெயர் வேண்டாம், விரிவுரையாளர் நேர்காணலுக்குப் போனேன். கற்பித்தல் ஆர்வத்தில் செவ்வியல் சமூகவியல் கோட்பாடு, ஆய்வு முறையியல், நகரச் சமூகவியல் என்று எழுதியிருந்தேன். குழுவில் இருந்த மூத்தவர் படிவத்தைப் பார்த்தார், ஆய்வுத் தலைப்பைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். "கோட்பாட்டுக்கு ஆள் இருக்காங்க. நீங்க 'நலிந்த பிரிவினர்' தாளை எடுத்துக்குங்களேன். உங்களுக்கு அனுபவம் இருக்கும், புக்கே தேவைப்படாது" என்றார். அன்பாகத்தான் சொன்னார், அதுதான் விஷயம். வெபர் நடத்துகிறவருக்குப் புராட்டஸ்டண்ட் அனுபவம் இருக்கிறதா என்று யாரும் கேட்பதில்லை. நான் அந்தத் தாளை நடத்தினேன். வேலை வேண்டியிருந்தது. வெபரின் அந்தஸ்துக் குழுவை அந்தத் தாளுக்குள் கொண்டுவந்து நடத்தினேன், மாணவர்களுக்கு அது பிடித்தது. அப்படியும் செய்யலாம் என்பதற்காகச் சொல்கிறேன்.

வேலை என்றேன். அதையும் மறைக்காமல் பேசுவோம், உங்கள் வீட்டில் கேட்பார்கள். சோசியாலஜியா, சோசியல் ஒர்க்கா, படிச்சா என்ன வேலை என்று என் அம்மாவுக்கு இன்றைக்கும் சந்தேகம் தீரவில்லை. கௌரவ விரிவுரையாளருக்கு மாதம் 50,000 ரூபாய் வரை தரலாம் என்று யூஜிசி 2019ல் சொன்னது. தமிழ்நாட்டு அரசுக் கல்லூரிகளில் தருவது 25,000. அதுவும் ஆண்டுக்கு 11 மாதம். 'கௌரவம்' பன்னிரண்டாவது மாதத்தில் என்ன ஆகிறது என்று தெரியவில்லை. ஜேஆர்எஃப் கிடைத்தால் 2023 முதல் மாதம் 37,000. நெட் இல்லாமல் மத்தியப் பல்கலைக்கழகத்தில் சேர்ந்தவருக்கு 8,000. இந்த 37க்கும் 8க்கும் நடுவில்தான் பலருடைய 'ஆய்வு ஆர்வம்' தீர்மானமாகிறது. எட்டாயிரத்தில் இருப்பவர் வழிகாட்டியின் திட்டத்தில் வேலை செய்தாக வேண்டும், அவர் சொல்லும் தலைப்பை எடுத்தாக வேண்டும். ரோகித் வெமுலாவுக்கு உதவித்தொகை நிறுத்தப்பட்டிருந்தது என்பதை நாம் மறக்கக்கூடாது. 2016 ஜனவரி 17. நம் சேலத்துத் தம்பி முத்துகிருஷ்ணன் ஜேஎன்யுவில் ஆய்வு மாணவர், 2017 மார்ச்சில் போனார்.

இன்னொன்று. பட்டியலின மாணவர்கள் வெளிநாட்டில் படிக்க ஒன்றிய அரசு தரும் தேசிய அயல்நாட்டு உதவித்தொகை இருக்கிறது. 2022 பிப்ரவரியில் அதன் விதிகளை மாற்றினார்கள். இந்தியப் பண்பாடு, மரபு, வரலாறு, இந்தியா குறித்த சமூக ஆய்வு ஆகிய தலைப்புகளுக்கு உதவித்தொகை கிடையாது. அதையெல்லாம் இங்கேயே படித்துக்கொள்ளலாமாம். பரோடா அரசரின் உதவித்தொகையில் கொலம்பியா போன மாணவர் இன்றைக்கு விண்ணப்பித்து, ஆய்வு ஆர்வம் என்ற கட்டத்தில் 'இந்தியாவில் சாதிகள்' என்று எழுதினால், அந்த விண்ணப்பம் முதல் மேசையிலேயே திரும்பிவிடும். நாம் இங்கே இருந்து சாதியைப் படித்தால் 'உங்களுக்கு வேறு தலைப்பே கிடையாதா' என்கிறார்கள். அங்கே போய்ப் படிக்கிறோம் என்றால் 'அந்தத் தலைப்பு கூடாது' என்கிறார்கள்.

ஆகவே சாதியை விட்டுவிட்டு வேறு தலைப்பு எடுங்கள் என்று நான் சொல்வதாக யாரும் எழுதிவிடாதீர்கள். என் ஆய்வே சாதி பற்றியதுதான். சேலையூர், ராஜகீழ்ப்பாக்கம், சிட்லபாக்கம், மேடவாக்கம் பக்கம் வீட்டு வாடகையில் சாதி எப்படி வேலை செய்கிறது என்று பார்க்கிறேன். தில்லியில் சுகதேவ் தோரட் குழுவினர் தொலைபேசியில் வெவ்வேறு பெயர்களில் பேசிப் பார்த்து, தலித்துக்கும் இஸ்லாமியருக்கும் வீடு மறுக்கப்படுவதை 2015ல் எழுதினார்கள். நம்மூரில் பெயரை வைத்துக் கண்டுபிடிப்பது கொஞ்சம் கடினம், நம்மவர்கள் சாதிப் பின்னொட்டை வெட்டிவிட்டார்கள். அதனால் இங்கே கேள்வி வேறு வழியாக வருகிறது. சைவமா? சொந்த ஊர் எது? ஊர்ல எந்தப் பக்கம்? குலதெய்வம் எது? நான் பேசிய ஒரு வீட்டுத் தரகர், "ஓனர் கேட்டா அசிங்கமாப் போயிடும் சார், அதனால முன்னாடியே நானே கேட்டுடறேன்" என்றார். அந்த மனிதரை நான் வெறும் தகவலாளியாக எழுதினால் அது ஒரு விவரணை. கதவைச் சாத்துவது தெரியாமலே கதவைச் சாத்துவதற்கு நகரம் கூலிக்கு வைத்திருக்கும் ஆள் அவர் என்று எழுதினால், அங்கே கோட்பாடு ஆரம்பிக்கிறது. உரிமையாளர் 'நான் சாதி பார்ப்பதில்லை' என்று என்னிடம் மனதாரச் சொல்கிறார். பொய் சொல்லவில்லை. பார்க்கும் வேலையை வெளியே கொடுத்துவிட்டார், அவ்வளவுதான்.

இப்படி இந்தத் தென்புறநகரில் எவ்வளவோ கிடக்கிறது. அடுக்குமாடிகளில் வேலைக்காரப் பெண்கள் எந்த லிஃப்டில் ஏற வேண்டும் என்ற விதி. மெப்ஸ் வாசலில் ஷிஃப்டு முடிந்து வரும் பெண்களின் திருமணச் சந்தை. தாம்பரம் சானடோரியத்தில் தேசிய சித்த மருத்துவ நிறுவனத்தின் மருத்துவமனைக்கு அயோத்திதாச பண்டிதரின் பெயர். தினம் அங்கே வரும் மக்களில் எத்தனை பேருக்கு அவர் யார் என்று தெரியும், தெரிந்தவர்கள் அவரை மருத்துவராக அறிகிறார்களா, 'தமிழன்' இதழ் நடத்திய சிந்தனையாளராக அறிகிறார்களா? ஒரு நல்ல எம்.ஏ. ஆய்வேடு அதில் இருக்கிறது.

பெரும்பாக்கம், கண்ணகி நகர், செம்மஞ்சேரி பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் உங்களில் பலர் அங்கேதான் போகப் போகிறீர்கள். கண்ணகி நகர் 2000லிருந்து இருக்கிறது, 15 ஆயிரத்துக்கும் மேற்பட்ட வீடுகள். பெரும்பாக்கத்தில் 20 ஆயிரத்துக்கும் மேல். 2015 வெள்ளத்தைக் காரணம் காட்டி ஆற்றங்கரைகளிலிருந்து மக்களை அள்ளிக்கொண்டுவந்து எட்டு மாடிக் கட்டடங்களில் கொட்டினார்கள். நகரத்துச் சேரியைச் சதுப்பு நிலத்தின் ஓரத்துக்கு மொத்தமாக மாற்றினார்கள் என்று சொன்னால் மிகையில்லை. அங்கே ஆய்வு செய்யாத நிறுவனம் இல்லை. ஒரு அக்கா என்னிடம் கேட்டார்: "இது அஞ்சாவது ஃபாரம் தம்பி. எத்தனை பேரு, எவ்வளவு சம்பளம், கக்கூஸ் எப்படி, எல்லாம் ஒரே கேள்வி. இதெல்லாம் எழுதி எங்க வைக்கிறீங்க?" ஷோத்கங்காவில் ஆங்கிலத்தில் இருக்கிறது அக்கா என்று சொல்ல முடியுமா? ஆறாவது படிவத்தோடு போகாதீர்கள். அவர்களைப் பற்றி ஏற்கெனவே எழுதப்பட்ட ஐந்தை எடுத்துக்கொண்டு போய், தமிழில் படித்துக் காட்டி, இதில் எது சரி எது தப்பு என்று கேளுங்கள். அந்த உரையாடலே உங்கள் தரவு. ஆய்வு நெறிக் குழு இதை ஏற்குமா என்று ஒரு தோழர் கேட்கிறார். என் துறையில் இரண்டு முறை திருப்பினார்கள், மூன்றாம் முறை ஏற்றார்கள். விண்ணப்பத்தின் நகல் என்னிடம் இருக்கிறது, தருகிறேன்.

அந்தப் படிவத்தில் என்ன எழுதுவது என்று ஒரு தங்கை கூட்டம் தொடங்கும் முன்பே கேட்டார். ஆய்வு ஆர்வத்தில் சாதி என்று எழுதுங்கள், கூடவே கோட்பாடு என்றும் எழுதுங்கள். கற்பித்தல் ஆர்வத்தில் கோட்பாட்டை முதலில் போடுங்கள். நேர்காணலில் கேட்டால் 1916 கட்டுரையிலிருந்து ஆரம்பியுங்கள். அதற்கு நீங்கள் அதை நிஜமாகப் படித்திருக்க வேண்டும், ஆங்கிலத்தில் ஒரு முறை, தமிழில் ஒரு முறை. இரண்டும் கிடைக்கிறது, சிறிய கட்டுரைதான், ஒரு ஞாயிற்றுக்கிழமை போதும்.

மென்சரின் கட்டுரையைத் தமிழாக்கும் வேலையை நாங்கள் நான்கு பேர் தொடங்கியிருக்கிறோம். பாதி தூரம் வந்திருக்கிறது. செங்கல்பட்டுப் பக்கம் பண்ணையாள், படியாள் என்ற சொற்களைப் பெரியவர்கள் எந்தப் பொருளில் புழங்கினார்கள் என்பதில் எங்களுக்குள்ளேயே சண்டை. உங்களில் மதுராந்தகம், உத்திரமேரூர், திருக்கழுக்குன்றம் பக்கத்துத் தோழர்கள் இருந்தால், வீட்டில் தாத்தா பாட்டியிடம் கேட்டுக்கொண்டு வாருங்கள். அடுத்த மாதம் இரண்டாவது சனிக்கிழமை, இதே இடம், மாலை ஐந்து மணி. கேள்விகள் இருந்தால் இப்போது எடுத்துக்கொள்ளலாம்.